ஆவுளியா மேயும் கடல்

பங்குனி வெயில் ஏறுமுன் கிளம்பிவிட வேண்டுமென்று பூதலூரில் காலைப் பாசஞ்சரைப் பிடித்தேன். கையில் ஒரு துணிப்பைதான். இரண்டு சேலை, ஒரு நைட்டி, வெயிலுக்கு ஒரு தொப்பி, தோழிக்குக் கொடுப்பதற்காக எங்கள் வயலில் இப்போதுதான் அடித்தெடுத்த உளுந்து இரண்டு படி. பை கனத்தது உளுந்தால்தான்.

போகிற இடம் பாக் நீரிணைக் கரை. பெயர்தான் பெரிது, தூரம் அதிகமில்லை. பூதலூரிலிருந்து தஞ்சாவூர் இருபது கிலோமீட்டர் போல. அங்கிருந்து பட்டுக்கோட்டை ஏறக்குறைய ஐம்பது. இன்னும் இருபது, இருபத்தைந்து போனால் கடல். எங்கள் தஞ்சாவூர் மாவட்டத்துக் கடல்தான். ஆனாலும் ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் நான் அதைப் பார்த்ததில்லை. எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கடல் என்றால் வேளாங்கண்ணி. மாதா கோவிலுக்குப் போய்விட்டு, காலை வாரிவிடும் அலையில் பயந்து பயந்து முழங்கால்வரை நனைந்துவிட்டு, சேலையைப் பிழிந்துகொண்டு திரும்புவோம். எனக்கு நீச்சல் தெரியாது. அலைச் சத்தம் கேட்டாலே இரண்டடி பின்னால் போய்விடுவேன்.

தோழியின் பெயர் கலைச்செல்வி. கலா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருவரும் நர்ஸாக இருந்தோம், பெரும்பாலும் பிரசவ வார்டில். அவள் மீனவக் குடும்பத்தில் பிறந்து மீனவரைக் கட்டிக்கொண்டவள். மகன்கள் இரண்டு பேரும் சிங்கப்பூர் போனபிறகு, படகில் கூட வர ஆள் கிடைக்காமல் கணவர் திண்டாடியதைப் பார்த்து வேலையை விட்டுவிட்டு அவரோடு கடலுக்குப் போக ஆரம்பித்தாள். பெண்பிள்ளை படகேறுவதா என்று ஊரில் கொஞ்சநாள் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிப்போயிற்று. நானும் போன வருடம் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். “இன்னும் என்ன சாக்கு சொல்லப்போற ஸ்டெல்லா? வந்து எங்க கடலப் பாரு,” என்று போனில் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தாள்.

தஞ்சாவூரில் பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஒரத்தநாடு தாண்டும்வரை இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல்கள். எங்கள் பக்கம் போலவே உளுந்தும் பயறும் பிடுங்கிக் களத்தில் கிடந்தன. நடுநடுவே கல்லணைக் கால்வாய் குறுக்கிட்டது. இங்கே அதைப் புதாறு என்கிறார்கள். தண்ணீர் நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டதால் அடிமணல் வெளுத்துக் கிடந்தது. பட்டுக்கோட்டை நெருங்க நெருங்க நெல் போய்த் தென்னை வந்தது. பக்கத்து இருக்கையில் தேங்காய் வியாபாரி ஒருவர். தோப்புகளில் மரங்கள் எல்லாம் ஒரே உயரமாக, இளசாக இருக்கின்றனவே என்று கேட்டேன்.

“கஜா புயல்ல அத்தனையும் சாஞ்சுபோச்சுங்க. ஒரே ராத்திரில. இதெல்லாம் அதுக்கப்பறம் வச்ச கன்னு,” என்றார். பிறகு, “நீங்க எதுவரைக்கும்?”

“கடலுக்கு.”

“மனோரா பாக்கவா?”

“இல்லங்க, கடலப் பாக்க.”

கடலில் பார்க்க என்ன இருக்கிறது என்பது போல என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்கப்போனார்.

பட்டுக்கோட்டையில் டவுன்பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் என்பதால் கண்டக்டர் காசு வாங்காமல் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சேதுபாவாசத்திரம் சாலையில், மராட்டிய மன்னர் காலத்து மனோரா கோபுரம் தென்னைகளுக்கு மேலே தலைகாட்டி மறைந்த பிறகு, ஓர் ஊரில் இறங்கினேன். அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாமென்று கலா கேட்டுக்கொண்டிருக்கிறாள். காரணம் பின்னால் தெரியும்.

நிறுத்தத்தில் கலா நின்றிருந்தாள். வெயிலில் கறுத்து, தோள் அகன்று, வார்டில் பார்த்தவளைவிடப் பத்து வயது குறைந்தவள் போல இருந்தாள். “உளுந்து சுமந்துக்கிட்டு வந்தியாக்கும்,” என்று பையைப் பிடுங்கிக்கொண்டாள். தெருவில் நடந்தோம். மீன் வாடையும் வலை காயும் வாடையும் வந்ததே தவிர நான் எதிர்பார்த்த இரைச்சல் வரவில்லை. கடைசி வீட்டைத் தாண்டித் திரும்பியதும் கடல் அப்படியே எதிரில் இருந்தது.

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அலை என்று ஒன்றுமே கிடையாது. நிறைந்த ஏரி போலக் கிடந்தது. கரையோரத்தில் தண்ணீர் ஒரு விரல்கடை உயரத்துக்கு வந்து மணலை நக்கிவிட்டுப் பின்வாங்கிற்று. இடுப்பளவு தண்ணீரில் ஓர் ஆள் வெகுதூரத்தில் நடந்துகொண்டிருந்தார். அவருக்கும் கரைக்கும் நடுவில் நாலு வயல் அகலம் இருக்கும்.

“இதுவா கடல்?” என்று கேட்டுவிட்டேன்.

கலா சிரித்தாள். போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். சென்னையிலிருந்து நேராகத் தெற்கே வரும் கரை, கோடியக்கரையில் கையை முழங்கையில் மடக்கினாற்போல மேற்கே திரும்பிவிடுகிறது. அந்த மடக்குக்குள் அடங்கிய கடல் இது. எதிர்ப்பக்கம் யாழ்ப்பாணம். தெற்கே ராமேசுவரம் தீவும் அதிலிருந்து தலைமன்னார்வரை நீளும் மணல்திட்டுகளும் கதவு சாத்தியது போல நிற்கின்றன. வேளாங்கண்ணியில் நான் பார்த்துப் பயந்த வங்காள விரிகுடாவின் பெரிய அலை இந்த முழங்கையைத் தாண்டி உள்ளே வருவதற்குள் களைத்துப்போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது இந்தக் கடலும் சீறுமாம். பங்குனியில் இப்படிக் கண்ணாடி.

“ஆழமும் இல்ல. அதனால வெளிச்சம் அடிமட்டும் போவும். வெளிச்சம் போனா புல்லு மொளைக்கும்,” என்றாள்.

“கடலுக்குள்ள புல்லா?”

“சாயங்காலம் காட்டுறேன்.”

தவக்காலமாதலால் நான் கறி தொடுவதில்லை. மீனுக்குத் தடையில்லை. நண்டுக் குழம்பும் வறுத்த ஊடக மீனும் போட்டாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுந்தேன்.

மாலையில் கரையில் ஏழெட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள். மூங்கிலை ஆளுயரச் சதுரமாகக் கட்டி, அதன் குறுக்கே கயிற்றுப்பின்னல் போட்டிருந்தார்கள். தேங்காய்நார்க் கயிறு. தண்ணீர் நிறைத்த தொட்டியில் பச்சைப் பசேலென்று நாற்று போன்ற ஒன்று கிடந்தது. அதுதான் கடற்புல். இந்த ஊரார் தாழை என்கிறார்கள். பாசி என்றுதான் நான் நினைத்தேன். கையில் எடுத்துப் பார்த்தால் வேர் இருக்கிறது, தண்டு இருக்கிறது, கணு இருக்கிறது. பூக்கவும் செய்யுமாம், தண்ணீருக்குள்ளேயே. எங்கள் வயலில் அருகம்புல் ஓடுவது போல மண்ணுக்கடியில் தண்டு ஓடி, சேற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இறால்குஞ்சும் நண்டுக்குஞ்சும் மீன்குஞ்சும் இந்தப் புல்லுக்குள்தான் ஒளிந்து வளர்கின்றன.

பெரிய விசைப்படகுகளின் இழுவைமடி வலை கடலடியைத் தடவிக்கொண்டு போகும் இடங்களில் இந்தப் புல் வேரோடு வந்துவிடுகிறது. அப்படி வழுக்கையான இடங்களில் மறுபடி நடுகிறார்கள். நாரில் இரண்டிரண்டு தண்டாகக் கட்டி, சதுரத்தை அப்படியே கொண்டுபோய்க் கடலடியில் பதிக்க வேண்டும். மூங்கிலும் நாரும் மக்குவதற்குள் புல் வேர்விட்டுவிடும்.

நானும் உட்கார்ந்து கட்டினேன். நாற்று முடி கட்டிப் பழகிய கைதான். ஆனால் இறுக்கிக் கட்டினால் தண்டு நசுங்கிவிடுகிறது, தளர்த்தினால் நழுவுகிறது. ஒரு பெண் என் வேலையைப் பார்த்துவிட்டு, “அக்கா நல்லாத்தான் கட்டுறாங்க, ஆனா நாளைக்கு முடிப்பாங்க,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மூங்கில் சதுரங்களைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார்கள். சேலையோடு, மார்பளவு தண்ணீரில், வரிசையாக. நான் முழங்கால்வரை போய் நின்றுகொண்டேன். நடவுக்கு இறங்கும் பெண்களை வாழ்நாளெல்லாம் பார்த்தவள் நான். கடலில் நடவு நடுவதை அன்றுதான் பார்த்தேன். சூரியன் என் முதுகுக்குப் பின்னால் தென்னைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம். அவர்கள் குனிவதும் மூழ்குவதும் எழுவதுமாக இருந்தார்கள்.

விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் நாள் மாற்றிக் கடலுக்குப் போவது இந்தக் கரையின் வழக்கம். மறுநாள் நாட்டுப்படகுகளின் முறை. விடியும் நேரத்தில் கிளம்பினோம். கலாவின் கணவர் முருகையன், அவர் தம்பி செல்வம், கலா, நான். ஃபைபர் படகு, பின்னால் சின்ன இன்ஜின். முருகையன் அதிகம் பேசாதவர். மனைவியின் பழைய வேலையை வைத்து என்னை ‘சிஸ்டர்’ என்றே கூப்பிட்டார்.

“சிஸ்டர், இத மாட்டிக்குங்க,” என்று ஒரு லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தார். “நடுவுல உக்காருங்க. எழுந்திரிக்காதீங்க.”

எழுந்திருக்க எனக்கென்ன பைத்தியமா. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கரை மெல்ல மெல்லத் தென்னைகளின் ஒரே கோடாகி, அந்தக் கோடும் பென்சிலால் இழுத்தது போல மெலிந்தது. மனோரா மட்டும் ஒரு விரல் போல நின்றது. அதைப் பார்த்துத்தான் படகை நேர்பிடிக்கிறார்களாம். கிழக்கே, கோடியக்கரைத் திசையில், சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. வந்த கொஞ்ச நேரத்தில் கலா என் தொடையைத் தட்டி, “கீழ பாரு,” என்றாள்.

பார்த்தேன். படகின் நிழலுக்குக் கீழே வயல். வேறென்ன சொல்வது? கதிர் வருவதற்கு முந்தின பருவத்து நெல்வயல் போல, பச்சையாக, அடர்த்தியாக, ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. காற்றுக்குப் பதில் நீரோட்டம். நடுவில் மஞ்சள் கோடு போட்ட மீன்கள் கூட்டமாகத் திரும்பின. ஓரிடத்தில் புல் மட்டும் வெட்டப்பட்டு, மாட்டுவண்டித் தடம் போல ஒரு வெள்ளை மணல்பாதை வளைந்து வளைந்து போயிற்று.

“அது என்ன பாதை?” என்றேன்.

“ஆவுளியா மேஞ்ச தடம். கடற்பசுன்னு சொல்லுவாங்களே, அது,” என்றாள் கலா. “வேரோட பிடுங்கித் தின்னுக்கிட்டே போவும்.”

“நீ பாத்துருக்கியா?”

“தூரத்துல மூக்கு மட்டும். ரெண்டு தடவ.”

ஆவுளியா இருக்கும் பகுதி என்றுதான் இந்தக் கடலை அரசாங்கம் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்திருக்கிறது. கரையில் பலகை பார்த்திருந்தேன். வேடிக்கை பார்க்க ஆட்கள் படகு பிடித்துக் கிளம்பிவிடுவார்கள் என்றுதான் கலா ஊர்ப்பெயரை எழுதவேண்டாம் என்றது.

முந்தின நாள் சாயங்காலம், விசைப்படகுகள் கரை திரும்பிய பிறகு, அண்ணனும் தம்பியும் விட்டுவந்த திருக்கை வலை இருந்த இடத்துக்கு வந்தபோது வெயில் இன்னும் சுள்ளென்று ஏறியிருக்கவில்லை. வலையின் தலைப்பில் கறுப்புக்கொடி கட்டிய மிதவை. செல்வம் அதை நோக்கிக் கையை நீட்டியவன், நீட்டினபடியே நின்றான். வலையின் நடுப்பகுதியில் மிதவைகள் நாலைந்து தண்ணீருக்குள் போவதும் வருவதுமாக இருந்தன.

“அண்ணே! பெரிய திருக்கைண்ணே! இழுக்குது பாருங்க!”

முருகையன் இன்ஜினை நிறுத்தினார். அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. சைக்கிள் டியூபில் காற்றை ஒரேயடியாகத் திறந்துவிட்டது போல, ‘புஸ்ஸ்ஸ்’ என்று. தண்ணீருக்கு மேலே சாம்பல்நிறத்தில் ஒரு மூஞ்சி வந்தது. அகலமாக, தட்டையாக, முள்முள்ளாக மயிர். அதன் உச்சியில் இரண்டு மூக்குத்துளைகள் திறந்து மூடிக்கொண்டன. உடனே வலை அதைக் கீழே இழுத்துவிட்டது.

“ஆவுளியா,” என்றார் முருகையன். கோவிலுக்குள் பேசுவது போலத் தாழ்ந்த குரல்.

படகு நெருங்கியது. தெளிந்த தண்ணீரில் முழுசும் தெரிந்தது. படகில் பாதி நீளம் இருக்கும். எருமைக்கன்று போல உருண்டு திரண்ட உடம்பு, துடுப்பு போல இரண்டு கை, மீனுக்கு இருப்பது போல் நிமிராமல் படுக்கையாக விரிந்த வால். அந்த வாலையும் ஒரு கையையும் சுற்றி வலை முறுக்கிக்கொண்டிருந்தது. ராத்திரியே சிக்கியிருந்தால் இந்நேரம் செத்திருக்கும். இப்போதுதான் மாட்டியிருக்க வேண்டும். மேலே வர உந்தும், வலை இழுக்கும், மறுபடி உந்தும். ஒவ்வொரு முறையும் மூக்கு முன்னைவிடக் கொஞ்சம் தாழ்ந்தே வந்தது.

“கரைக்கு இழுத்துட்டுப் போயிருவோம்ணே,” என்றான் செல்வம். அவன் முகம் வெளிறியிருந்தது. “வலைய அறுத்தா ஈடு தர்றாங்கன்னு சொல்றாங்க, சரி. ஆபீசருங்க கண்ணால பாத்தாத்தான தருவாங்க? நடுக்கடல்ல அறுத்துவிட்டோம்னா யாரு நம்புவா? புது வலைண்ணே இது.”

“இழுத்துட்டுப் போனா கரை போறதுக்குள்ள செத்துரும் செல்வம்,” என்றாள் கலா. “அது மீனு இல்ல. நம்மள மாதிரி மூச்சுக்கு மேல வரணும்.”

“வலை இல்லாம நான் நாளைக்கு எத வச்சுத் தொழிலுக்குப் போறது அண்ணி? நீங்க சொல்லுங்க.”

அவன் கேட்டதில் தப்பில்லை. வலை இரண்டு சகோதரர்களுக்கும் பொது. முருகையன் தம்பியையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது நான்தான் அதைக் கண்டேன். பெரியதின் வயிற்றுக்குக் கீழிருந்து இன்னொன்று வந்தது. சின்னது, ஆட்டுக்குட்டியை விடக் கொஞ்சம் பெரிது, வெளிர்நிறம். வலைக்கு வெளியே நின்றுகொண்டு, சிக்கியிருந்த தாயின் கையடியில் முகத்தைக் கொண்டுபோய் முட்டியது. விலகியது. மேலே வந்து ஒரு சின்ன மூச்சு விட்டுவிட்டு, மறுபடி போய் முட்டியது.

“கன்னு இருக்கு,” என்றேன். விரலை நீட்டிக் காட்டினேன். “அண்ணே, கன்னு இருக்குண்ணே.”

செல்வம் எட்டிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தது போல இருந்தது. நிஜத்தில் நொடிப்பொழுதுதான்.

“பால் குடிக்கப் பாக்குதுண்ணே,” என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் குதித்தான்.

முருகையனும் இன்னொரு கத்தியோடு இறங்கினார். கரை வெறும் கோடாகத் தேய்ந்துவிட்ட அந்தத் தூரத்திலும் அவர்களுக்குத் தண்ணீர் கழுத்தளவுதான் இருந்தது. அந்த நிலைமையிலும் அதை ஆச்சரியப்பட்டது நினைவிருக்கிறது.

“ஸ்டெல்லா, தலையத் தூக்கிப் பிடிக்கணும்,” என்று கலா படகின் விளிம்பில் குப்புறப் படுத்தாள். “அவங்க அறுக்குற வரைக்கும் மூக்கு மேல இருக்கணும். வா!”

முப்பது வருடம் அந்தக் குரலோடு வேலை செய்தவள் நான். அவள் வா என்றால் என் கால் தானே போகும். அவள் பக்கத்தில் நானும் படுத்தேன். படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. இருவரும் கையை விட்டு அதன் தாடைக்கடியில் பிடித்துத் தூக்கினோம். தோல் ஈர ரப்பர் போல, அங்கங்கே முள் மயிர். பாரம் தாங்கவில்லை, வழுக்கிற்று. மறுபடி பிடித்தோம், மறுபடி வழுக்கிற்று. மூக்கு முங்கியது. நான் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினேன்.

“ஏய், அதக் கழட்டாத! ஒனக்கு நீச்சல் தெரியாது!” என்று கத்தினாள் கலா.

கழற்றி அதன் கழுத்துக்கடியில் நுழைத்தேன். ஜாக்கெட் மிதந்தது. தலை அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் நாங்கள் பிடித்துக்கொண்டோம். என் முகத்துக்கும் அதன் முகத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. சின்னக் கண், மாத்திரை அளவுகூட இருக்காது, சுற்றிலும் சுருக்கம். அது என்னைப் பார்த்ததா, எனக்குத் தெரியாது. மூக்குத்துளைகளின் மூடி திறந்தது. மூச்சு என் முகத்தில் அடித்தது. வெதுவெதுவென்று, ஈரமாக, அரைத்த புல்லின் வாடையோடு. எங்கள் வீட்டு மாட்டின் முகத்தருகே குனிந்தால் வரும் அதே வாடை, உப்பு மட்டும் கூடுதல். பிறகு உள்ளே இழுத்தது. மூடிக்கொண்டது.

பிரசவ வார்டில் எத்தனையோ முதல் மூச்சைக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் கை வேலையில் இருக்கும், மனசு கடிகாரத்தில் இருக்கும். இப்போது என் கை பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தேன். வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தேன். கலா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கவனித்தபோதுதான் புரிந்தது, வலியில் கிடக்கும் பெண்களிடம் வழக்கமாகச் சொல்வதையே சொல்லிக்கொண்டிருந்தாள். “அவ்ளோதாம்மா. அவ்ளோதான். இன்னும் கொஞ்சந்தான்.”

கையைச் சுற்றிய வலையை முருகையன் அறுத்துவிட்டார். வால்தான் கஷ்டமாக இருந்தது. ஒரு வீச்சு வீசினால் ஆளின் விலா நொறுங்கும். செல்வம் மூழ்கி மூழ்கி அறுத்தான். மேலே வரும்போதெல்லாம் அவன் மூச்சும் அதன் மூச்சும் ஒரே மாதிரி கேட்டன. கன்று அவனைச் சுற்றியே வட்டமடித்தது. ஒருமுறை அவன் முதுகில் மோதிவிட்டு ஓடிற்று.

“விட்டுருச்சு! விடுங்க, விடுங்க!” என்று முருகையன் கத்தினார்.

கையை எடுத்தோம். அது அசையவில்லை. ஜாக்கெட்டின்மேல் தலையை வைத்தபடியே கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு தலை நழுவி, மெதுவாக அடியில் இறங்கியது. புல்மேல் போய்ப் படுத்தது. கன்று அதன் முதுகின்மேல் வந்து நின்றது. வால் ஒருமுறை மடங்கி எழுந்தது. சேறு கலங்கி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

எங்கே எங்கே என்று நாலு பேரும் நாலு பக்கம் பார்த்தோம். வெகுதூரத்தில், சூரியன் பளபளத்த பக்கம், ஒரு மூக்கு எழுந்தது. ‘புஸ்ஸ்ஸ்.’ அதை ஒட்டி இன்னொன்று, சின்னது. கலா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் ஏன் அழவில்லை என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னாள்.

செல்வத்தைக் கைகொடுத்துப் படகில் ஏற்றினோம். அறுந்த வலையைச் சுருட்டி உள்ளே போட்டார்கள். ஒரு துண்டுகூடக் கடலில் விடவில்லை. கிடந்தால் இன்னொன்றுக்கு எமன் என்றார் முருகையன். மிதந்துபோன என் ஜாக்கெட்டையும் துரத்திப்போய் எடுத்தார்கள்.

திரும்பும் வழியில் எதிர்ப்பட்ட படகுக்காரர்களிடம் சொல்லியிருந்தோம், சேதி எங்களுக்கு முன்னால் கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வனத்துறையிலிருந்து ஓர் அம்மா ஜீப்பில் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில், “வீடியோ எடுத்தீங்களா? போட்டோவாவது?” என்றார்.

அப்போதுதான் நாலு பேருக்கும் உறைத்தது. கலாவின் போன் பிளாஸ்டிக் பையில் முழுநேரமும் படகிலேயே இருந்தது.

“ஆளுக்கு ரெண்டு கை மேடம், ரெண்டும் வேலையா இருந்துச்சு,” என்றான் செல்வம். “போட்டோவுக்கு மூணாவது கை இல்ல.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. வலையைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார். முறுக்கிய இடத்தில் சிக்கியிருந்த முள்மயிர் இரண்டைப் பிரித்தெடுத்து ஒரு சின்னக் கவரில் போட்டுக்கொண்டார். “நான் நம்புறேன். மேல எழுதுறேன். அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது,” என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பல வாரம் கழித்து, வலையில் பாதிக்கு ஈடு வந்தது என்று கலா போனில் சொன்னாள். மீதிப் பாதியைப் பற்றி செல்வம் இப்போதும் புலம்புகிறானாம். புலம்பிக்கொண்டே, அந்தத் தாழைப் பக்கம் வலை விடாமல் ஒதுங்கிப் போகிறானாம்.

அன்று பகல் முழுக்க அண்ணனும் தம்பியும் மிச்ச வலையைப் பிரித்து, ஆகிற துண்டு எது ஆகாத துண்டு எது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கரையில் போய் நின்றேன். அதே விரல்கடை அலை. நேற்று இதைப் பார்த்து, இதுவா கடல் என்று கேட்டவள் நான். இப்போது அந்தச் சாந்தமான தண்ணீருக்குக் கீழே கண்ணுக்கெட்டாத தூரம்வரை விரிந்து கிடக்கும் பச்சையும், அதில் எங்கோ மேய்ந்துகொண்டிருக்கும் இரண்டு உயிரும் நினைவுக்கு வந்து, கால் நனைக்கவே கூச்சமாக இருந்தது. வேளாங்கண்ணிக் கடல் முன்னால் நிற்கும்போது எனக்குப் பயம் வரும். இந்தக் கடலின் முன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்ளத் தோன்றிற்று.

மறுநாள் காலை கிளம்பினேன். கலா கருவாடு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். பஸ் நிறுத்தம்வரை வந்தாள். பட்டுக்கோட்டை போகிற டவுன்பஸ்ஸில் நல்ல கூட்டம். மீன் விற்கப் போகும் பெண்கள் அலுமினியக் கூடைகளோடு நின்றார்கள். ஒருத்தி கூடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு எனக்கு உட்கார இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். என்னைவிடச் சின்னவள், நாற்பது இருக்கலாம்.

“வெளியூரா? மூஞ்சியெல்லாம் கறுத்துப் போயிருக்கே, கடலுக்குப் போனீங்களா?”

“போனோம்.” சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வாய் நிற்கவில்லை. “ஆவுளியாவப் பாத்தோம். வலைல மாட்டியிருந்துச்சு, அறுத்துவிட்டாங்க. தாயும் கன்னும்.”

“நீங்களா அது? நேத்து ஊரெல்லாம் அதாம் பேச்சு.” அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன்செதில் ஒட்டிய கை. “எங்க வீட்டுக்காரரு கல்யாணத்துக்கு முன்னாலேருந்து கடலுக்குப் போறாரு. செத்து ஒதுங்கினதுதான் பாத்துருக்காரு. நான் அதுகூடப் பாத்ததில்ல. உசுரோட கிட்டக்கப் பாத்தீங்களா?”

“ஒரு சாண் தூரத்துல. மூச்சு என் மூஞ்சில அடிச்சுது.”

“எப்படி இருந்துச்சு? எப்படி விட்டுச்சு மூச்ச?”

சொல்லிப் பார்த்தேன். சைக்கிள் டியூப் மாதிரி என்றேன், மாடு மாதிரி என்றேன். அவள் தலையை ஆட்டினாள். போதவில்லை.

“செஞ்சு காட்டுங்க.”

சுற்றிலும் பார்த்தேன். முன்னிருக்கையில் இருந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். கூடைக்காரப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நின்றார். ஐம்பத்தெட்டு வயதில், கூட்டமான டவுன்பஸ்ஸில், கண்ணை மூடிக்கொண்டேன். படகின் விளிம்பில் குப்புறக் கிடப்பதாக நினைத்துக்கொண்டேன். நெஞ்சு நிறைய இழுத்து, மூக்கு வழியாக, அது விட்டது போலவே விட்டேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இன்னொரு தடவ,” என்றாள்.

செய்தேன்.